பைப்பும் டிரையர் ஸ்டவ்வும்

வேலையில் இருந்தவரை புகைதான் எனக்கு எதிரி. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது இலையைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பாளாக, இருந்து ஓய்ந்தவன் நான். சிம்னியில் கறுப்பாகப் புகை கிளம்பினால் விறகு வீணாகிறது என்று முதலாளி கேட்பார். டீயில் புகை வாடை ஏறினால் குன்னூர் ஏலத்தில் விலை போகாது. ஆக, பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று பாராமல் புகையை அடக்குவதே பிழைப்பாக இருந்தது. இப்போது என்னடாவென்றால் காசு கொடுத்துப் புகையிலை வாங்கி, பைப்பில் அடைத்து, மெனக்கெட்டுப் புகை உண்டாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணா; அவருக்கு நான் 'மேக்கர்'. அவர் வேலை பார்த்த இடத்தில் செய்ததே புகையில்லாத வெடிமருந்து. அதாவது இரண்டு பேருமே புகைக்கு எதிர்க்கட்சியில் இருந்து கட்சி மாறியவர்கள். பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று 2008 அக்டோபரில் தடை வந்த பிறகு, டீக்கடை வாசலில் நடந்த எங்கள் சபை குன்னூரை ஒட்டிய வெலிங்டன் சரிவில் இருக்கும் அவர் வீட்டு வராந்தாவுக்கு மாறியது. அங்கே அண்ணியின் சட்டம் தனி. "துணி காயப் போட்டிருக்கேன், அந்தப் பக்கம் திரும்பி ஊதுங்க" என்பார். மூன்று நாளாகியும் காயாத துணியில் புகையிலை வாடை வேறு ஏறினால் யாருக்குத்தான் கோபம் வராது?

வராந்தாவில் என்ன பேசுவோம்? பென்ஷன், முட்டி வலி, பச்சைத் தேயிலை விலை. அதெல்லாம் தீர்ந்தால் கையில் இருக்கும் பைப்பைப் பற்றித்தான். புகை என்றால் என்ன, அது ஏன் நீலமாக இருக்கிறது, அதற்கு எடை உண்டா என்று போகும். பைப் பிடிக்கிறவனுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். இந்தக் கேள்விகளும் அப்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்தவைதான் என்று நினைக்கிறேன்.

புகை என்றால் என்ன என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில், படித்து வந்தது கிடையாது; டிரையர் ஸ்டவ்வின் வாயில் நின்று பார்த்தது. தேயிலையை உலர்த்தும் டிரையருக்குள் போகும் காற்று நூறு டிகிரியை ஒட்டிச் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டைக் கொடுப்பது ஸ்டவ். உள்ளே கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்) எரியும். நெருப்பின் புகை குழாய்களுக்கு ஒரு பக்கம் போகும், டிரையருக்கான சுத்தமான காற்று மறுபக்கம் போகும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கதவைத் திறந்து ஒரு பெரிய கட்டையைப் போட்டுவிட்டு உடனே மூடாமல் பார்த்தால் ஒன்று தெரியும். கட்டை உடனே எரியாது. முதலில் வெட்டுவாயில் தண்ணீர் நுரைத்துச் சீறும். அப்புறம் பட்டை இடுக்கில் வெள்ளையாகப் புகை கசியும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் புகையின்மேல் தீ தாவும். கூர்ந்து பார்த்தால் தீ கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்காது. கட்டைக்கும் தீக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி ஒன்று இருட்டாகத் தெரியும். எரிவது மரம் கிடையாது, மரத்தில் இருந்து கிளம்பும் ஆவி.

உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி ஆவியாகத்தான் வெளியேறுகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைய ஆரம்பிக்கும், 300 வாக்கில் வேகம் எடுக்கும். அந்த ஆவிக்குப் போதுமான சூடும் காற்றும் கிடைத்தால் சுடர். கிடைக்காவிட்டால் அது குளிர்ந்து, தார்த் துளிகளாகி, வெள்ளைப் புகையாக வெளியே போகும். சுடருக்குள் போயும் காற்றுப் பற்றாமல் பாதியில் நின்றுபோன கரித்துகள் கறுப்புப் புகை. எப்படிப் பார்த்தாலும் புகை என்பது எரியத் தவறிய எரிபொருள்தான். முதலாளி கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

ஈர விறகு ஏன் இவ்வளவு புகைகிறது என்பதற்கும் இதுதான் பதில். ஒரு கிலோ தண்ணீரைப் பனிக்கட்டிச் சூட்டில் இருந்து கொதிநிலை வரை கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல 5 மடங்குக்கு மேல் வேண்டும், கொதிக்கிற தண்ணீரை ஆவியாக்க. விறகில் இருக்கும் தண்ணீர் முழுக்கப் போகும்வரை அந்தப் பாகம் நூறு டிகிரியை விட்டு மேலே ஏறாது. பக்கத்துப் பாகம் சிதைந்து ஆவி விடும், ஆனால் அதைப் பற்றவைக்கிற சூடு அங்கே இருக்காது. ஆடி மாத மழையில் நனைந்த விறகோடு எங்கள் ஃபயர்மேன்கள் மல்லுக்கட்டுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒரே விதி: கொஞ்சமாகப் போடு, அடிக்கடி போடு. ஒரேயடியாகத் திணித்தால் ஸ்டவ் குளிர்ந்து புகை அடைக்கும். அந்த நேரம் பார்த்துக் குழாய் ஒன்றில் விரிசல் இருந்துவிட்டால் போச்சு. புகை டிரையருக்குள் நுழைந்து டீயில் ஏறிவிடும். டீத்தூள் காய்ந்து முடிக்கும்போது அதில் ஈரம் 3 சதவீதம்தான் மிஞ்சும். அவ்வளவு காய்ந்த பொருள் பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது. டேஸ்டர் ஒரு ஸ்பூன் எடுத்து உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, 'புகை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். சீனாவில் ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில் பைன் விறகுப் புகையில் வேண்டுமென்றே தேயிலையை உலர்த்தி, லாப்சாங் சூசோங் என்று பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நாம் செய்தால் குற்றம், அவர்கள் செய்தால் ரகம். சரி, விடுங்கள்.

புகை எரியும் என்பதை அண்ணா நம்புவதற்கு ஒரு கரண்ட் கட் தேவைப்பட்டது. மழைக்காலத்தில் இங்கே மரம் சாய்ந்து கம்பி அறுவது வாடிக்கை. மெழுகுவத்தி ஏற்றியிருந்தோம். ஊதி அணைத்தால் திரியில் இருந்து வெள்ளையாக ஒரு புகைக் கோடு மேலே போகும் இல்லையா? எரியும் தீக்குச்சியை அந்தக் கோட்டுக்கு மேலே, திரியில் இருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தால், தீ புகை வழியாகக் கீழே குதித்துத் திரியைப் பற்றவைக்கும். காற்று அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் புகை உருகி ஆவியான மெழுகு. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகளுக்கு மெழுகுவத்தியை மட்டும் வைத்துத் தொடர் சொற்பொழிவுகள் செய்தார், 1848-இல் ஒருமுறை, 1860-இல் இன்னொருமுறை. அதில் இதையும் செய்து காட்டினார். இன்னொன்றும் காட்டினார்: கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவில் இருக்கும் கருப்புப் பகுதியில் வைத்தால், அங்கே உள்ள ஆவி குழாய் வழியாக வந்து மறுமுனையில் எரியும். அண்ணா தீக்குச்சி விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் வெடிமருந்து ஃபேக்டரியில இருந்தேன், எங்கிட்ட இதை ஒருத்தனும் காட்டலையே" என்றார். அங்கே யாராவது தீக்குச்சியைப் பற்றவைத்துக் காட்டியிருந்தால் இவர் ஓய்வு பெற்றிருக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை.

இப்போது பைப்புக்கு வருகிறேன். ஸ்டவ்வில் நாங்கள் என்னவெல்லாம் தவிர்க்கப் பாடுபட்டோமோ, அதை எல்லாம் வேண்டி விரும்பிச் செய்யும் சாதனம் இது. சுடர் வரக் கூடாது. அணையவும் கூடாது. கங்கு மட்டும் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். புகையிலையை அடியில் லேசாகவும் மேலே சற்று அழுத்தமாகவும் அடைத்துவிட்டு, தீக்குச்சியை உரசி, முனையில் இருக்கும் மருந்து சீறி அடங்கும்வரை பொறுத்து, அப்புறம் கிட்டே கொண்டுபோக வேண்டும்; அவசரப்பட்டால் அந்த மருந்து வாடை முதல் இழுப்பிலேயே நாக்கில் உட்கார்ந்துவிடும். இழுக்கும்போது சுடர் தலைகீழாக வளைந்து கிண்ணத்துக்குள் இறங்கும். மேலே போவதுதான் தீயின் குணம் என்று நினைத்திருக்கிறோம், ஆனால் சூடான காற்று எடை குறைந்து மேலே மிதப்பதால்தான் அது மேலே போகிறது. 1992-இல் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தபோது, மேல் கீழ் இல்லாத அந்த இடத்தில் சுடர் உருண்டையாக, மங்கிய நீலமாக நின்றது. இங்கே என் நுரையீரல் அதைக் கீழே இழுக்கிறது.

முதல் தீ பட்டதும் மேல்மட்டத்துப் புகையிலை நூல் நூலாக எழும்பி, சுருண்டு, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும். ஈரம் போன இழை ஒரு பக்கமாகச் சுருங்குவதால் வருவது அது. அதோடு இழுத்துக்கொண்டே போனால் அந்த இழைகள் மட்டும் எரிந்து அணைந்துவிடும். அழுத்தி என்ற சின்னக் கருவியால் மெதுவாக அமுக்கி, கருகிய மேல்தட்டைச் சமன் செய்து, இரண்டாவது முறை பற்றவைத்தால்தான் கங்கு பிடிக்கும். அதற்குப் பிறகு கிண்ணத்துக்குள் நடப்பதைத் தைலம் காய்ச்சுகிற அடுப்போடுதான் ஒப்பிட வேண்டும். மேலே கங்கு. அதன் கீழே புகையிலை எரியாமல் வெந்து ஆவி விடுகிறது. இன்னும் கீழே அந்தச் சூடான ஆவியும் நீராவியும் பச்சைப் புகையிலை வழியாகப் போகும்போது அதில் உள்ள வாசனை எண்ணெய்களைக் கூடவே கூட்டிக்கொண்டு வருகின்றன. குழாயில் வந்து குளிர்ந்ததும் தண்ணீர் தங்கி 'களக் களக்' என்று சத்தம் போடும். கற்பூர இலையை அண்டாவில் அடைத்து நீராவி ஏற்றித் தைலம் இறக்குகிறவர்களுக்கு இதைச் சொன்னால் புரிந்துவிடும். என்ன ஒன்று, அவர்கள் தண்ணீரைப் பிரித்து ஊற்றிவிட்டுத் தைலத்தை வைத்துக்கொள்வார்கள். நாங்கள் எல்லாவற்றையும் வாயில் வாங்கிக்கொள்கிறோம்.

இழுப்பின் வேகம்தான் எல்லாம். சிகரெட்டை இழுக்கும்போது அதன் கங்கு 900 டிகிரி வரை போகிறது. பைப்பில் அப்படி இழுத்தால் நாக்கு வெந்துவிடும். அருணோதயத்தில் காபி குடிக்கிற மாதிரி நிதானமாக உறிஞ்ச வேண்டும் என்பார் அண்ணா. அவர் குடிப்பது டீதான், காபிக்காரர்களைச் சீண்டுவதற்காகச் சொல்வது. புகையிலையின் ஈரமும் கணக்கு. அணுவின் உட்கருவைக் கண்டறிந்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்ட் புகையிலையை மொறுமொறுவென்று உலர்த்தித்தான் பிடிப்பாராம். பற்றவைத்தால் தீப்பொறியும் சாம்பலும் எரிமலை மாதிரிப் பறக்கும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவரிடம் வந்து சேர்ந்த நீல்ஸ் போர் நேர் எதிர். பேச்சு சுவாரஸ்யத்தில் பைப் அணைந்துகொண்டே இருக்கும், தீக்குச்சி தீர்ந்துகொண்டே இருக்கும். நான் போர் கட்சி. அண்ணா வீட்டில் தீப்பெட்டியை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உரசுகிற பட்டை பிசுபிசுத்துப் போகும்.

கிண்ணம் ஏன் எரிவதில்லை என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. பைப் செய்கிற பிரையர் என்பது மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் எரிக்கா அர்போரியா என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டி. இரும்பாக இறுகிய மரம், சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. அதற்கும் மேலாக, பிடிக்கப் பிடிக்கக் கிண்ணத்தின் உட்சுவரில் கரி ஒரு படலமாகப் படியும். அதற்குள் காற்று தாராளமாகப் போய்வர முடியாததால் அது எரியாமல் மரத்துக்குக் கவசமாக நிற்கிறது. புது பைப்பை ஆரம்பத்தில் பாதிப் பாதியாக அடைத்துப் பழக்குவது அதற்குத்தான்.

நிறத்தைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் இல்லை, பார்த்தாலே தெரிகிறது. பைப்பைக் கையில் சும்மா பிடித்திருந்தால் கிண்ணத்தில் இருந்து எழும் புகை நீலம். அதே புகையை வாயில் வாங்கி ஊதினால் சாம்பல் கலந்த வெள்ளை. கிண்ணத்தில் இருந்து நேராக வருகிற துகள்கள் மிக நுண்ணியவை, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையும் அவற்றில் ஏராளம். அவை நீலத்தைச் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். வாய்க்குள் ஈரம் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிட்டால் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், வெள்ளையாகத் தெரியும். இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1860-களில் கண்ணாடிக் குழாய்க்குள் நுண்துகள்களை உண்டாக்கி, ஒளி பாய்ச்சி இந்த நீலத்தைக் காட்டினார். 1871-இல் இன்னொரு இயற்பியலாளர் ரேலே கணக்குப் போட்டார்: அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. வராந்தாவில் இருந்து பார்த்தால் தூரத்து மலை அடுக்கடுக்காக நீலம் வெளுத்துக்கொண்டே போகிறதே, அதற்கும் இந்தக் கணக்குத்தான். நடுவில் இருக்கும் காற்று சிதறடிக்கிற நீலம் அது. நமக்குப் பின்னால் வெளிச்சமும் புகைக்குப் பின்னால் இருட்டும் இருந்தால் பைப் புகையின் நீலம் நன்றாகத் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்தால் அதே புகை லேசாகப் பழுப்படிக்கும், நீலம் பக்கவாட்டில் போய்விடுவதால். முயற்சி செய்து பார்க்கலாம், அண்ணிகள் அனுமதித்தால்.

வளையம் விடுவதில் அண்ணா கெட்டிக்காரர். எனக்கு வராது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1858-இல் சுழல்களின் கணிதத்தை எழுதினார். அதைப் படித்த பீட்டர் கத்ரி டெய்ட் எடின்பரோவில் முன்பக்கம் வட்டத் துளையும் பின்பக்கம் துணியும் உள்ள பெட்டிகளைச் செய்து, துணியைத் தட்டிப் புகை வளையங்களை அனுப்பிக் காட்டினார். வளையங்கள் மோதினால் உடையாமல் அதிர்ந்து விலகிப் போயின. 1867-இல் இதைப் பார்த்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அணு என்பதே ஈதரில் (வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அப்போது நம்பிய ஊடகம்) சுற்றும் இப்படி ஒரு வளையம்தான் என்று ஒரு கொள்கையே எழுதிவிட்டார். கொள்கை நிற்கவில்லை. ஆனால் அதற்காக முடிச்சுகளை வகைப்படுத்தப் புறப்பட்ட டெய்ட்டின் பட்டியல் கணிதத்தில் தனிக் கிளையாக வளர்ந்தது. ஒரு தவறான யோசனைக்கு இவ்வளவு நல்ல பிள்ளை பிறந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்களுக்குள் நிஜமாகச் சண்டை வந்தது உயரத்தை வைத்து. "மேலே காத்து கம்மி மேக்கரே, அதான் பைப் அணைஞ்சு அணைஞ்சு போகுது" என்பது அண்ணாவின் கட்சி. காற்றழுத்தம் குறைவு என்பது உண்மைதான். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஆனால் தீ? 1859-இல் வேதியியலாளர் எட்வர்ட் ஃப்ராங்க்லண்ட் டிண்டாலோடு சேர்ந்து ஆல்ப்ஸின் மோன் பிளாங் உச்சிக்கு ஏறினார். கையில் மெழுகுவத்திகள். அடிவாரத்தில் ஷாமனியில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மெழுகு எரிகிறது என்று எடை போட்டார், உச்சியில் கூடாரத்துக்குள் அதையே திரும்பச் செய்தார். 4,800 மீட்டருக்கு மேலே, அழுத்தம் பாதியை ஒட்டி இறங்கிவிட்ட இடம். எரிந்த எடை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது வெளிச்சம். உச்சியில் சுடர் மங்கலாக, நீலம் ஓங்கி இருந்தது. சுடரின் மஞ்சள் என்பது அதற்குள் பழுக்கக் காய்ந்த கரித்துகள்களின் ஒளி. அழுத்தம் குறைந்தால் அந்தத் துகள்கள் உண்டாவது குறைகிறது.

மெழுகுவத்திக்குச் சொன்னது பைப் கங்குக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துப் பேச மாட்டேன். ஆனால் என்னிடம் வேறு ஒரு வாதம் இருந்தது. பிப்ரவரியில் வெயில் காய்கிற நாளில், இதே வராந்தாவில், இதே பைப் ஒரே பற்றவைப்பில் அடிவரை எரிகிறது. ஜூலையில் மேகம் வராந்தாவுக்குள்ளேயே வந்து உட்காரும்போது நாலு இழுப்புக்கு ஒருமுறை அணைகிறது. ஜூலையில் குன்னூர் உயரமாகிவிடுகிறதா என்ன? ஈரம்தான் அண்ணா, ஈரம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த முறை போனபோது புகையிலையைத் தட்டில் பரப்பி அடுப்படியில் வைத்திருந்தார்.

புகையில்லாத மருந்து பற்றி அவர் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொழிற்சாலை ரகசியம் ஒன்றும் கிடையாது, எல்லாம் நூறு வருஷத்துப் பழைய வேதியியல். பழைய கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. அது எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், அதுதான் போர்க்களத்தை மறைத்த வெள்ளைப் புகை. 1889-இல் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின் சேர்த்துக் கார்டைட் செய்தார்கள். எரிவதற்கான ஆக்ஸிஜன் அந்த மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், எரிந்ததும் ஏறக்குறைய முழுவதும் வாயு. என் ஸ்டவ் காலம் முழுக்கக் காற்றுக்கும் விறகுக்கும் நடுவில் டேம்பரை, அதாவது காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை, திருகித் திருகிச் செய்த பஞ்சாயத்தை, இவர்கள் மூலக்கூறுக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். "உன் டீயை ஆறாம வச்சிருக்கிறதும் அதே டியூவர்தான்" என்று அண்ணா வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் காட்டினார். நிஜம்தான். வெற்றிடச் சுவர் வைத்த குடுவையை 1892-இல் செய்தவர் அவர்.

புகை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்ற நினைப்பு மட்டும் மலையில் ஆளைக் கொல்லும். குளிர்காலத்தில் சுற்றுலா வருகிறவர்கள் கரி அடுப்பில் கோழி சுட்டுவிட்டு, "புகைதான் வரலையே" என்று அந்தக் கங்கோடு அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவை மூடித் தூங்குவார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிச் செய்தி வந்திருக்கிறது. கரியில் ஆவியாகிற சரக்கு எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது, அதனால் புகையில்லை, சுடரில்லை. ஆனால் அந்தச் சிவப்புக் கங்கு கார்பன் மோனாக்சைடைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அண்ணாவின் மகன் குடும்பம் சென்னையில் இருந்து வந்திருந்தபோது இதே ஆசைப்பட்டார்கள். அண்ணா கணப்பை வெளியிலேயே விட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு கம்பளி கொடுத்தார். பைப் புகையிலும் அதே வாயு உண்டு. பைப், சுருட்டுப் புகை பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது என்பதால், உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் சவ்வு வழியாகவே ஏறிவிடும்; வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் வழி. என்னைப் பார்க்கும் டாக்டர் ஒவ்வொரு முறையும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, விடப்போகிறீர்களா இல்லையா என்கிறார். பேரன் முன்னால் பிடிப்பதில்லை. இளைஞர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பைப் வாங்கப் போனால் அது என் எழுத்தின் கோளாறு.

கடைசியாக எடை. இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. சர் வால்டர் ராலே முதலாம் எலிசபெத் ராணியிடம் புகையை எடை போட்டுக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினாராம். புகையிலையை நிறுத்தார், பிடித்து முடித்தார், சாம்பலை நிறுத்தார். கழித்தால் வருவது புகையின் எடை. ராணி பணத்தைக் கொடுத்துவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, கதை அழகு. அண்ணா அதை நம்பி, நகை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டார். ராலேயின் கழித்தல் தப்பு என்று நான் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டவ் கணக்கிலேயே சொன்னேன். ஒரு கிலோ உலர்ந்த விறகில் பாதி கார்பன். 12 பங்கு கார்பன் 32 பங்கு ஆக்ஸிஜனோடு சேர்ந்து 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. அப்படியானால் ஒரு கிலோ விறகில் இருந்து 1.8 கிலோ கரியமில வாயு, அதற்கு மேல் நீராவி அரைக் கிலோ. சிம்னி வழியாகப் போவது போட்ட விறகைவிடக் கனம்! பைப்பிலும் அப்படித்தான். பாதி எரிந்தும் எரியாமலும் போவதால் அளவு வேறுபடும், ஆனால் காற்றில் இருந்து வந்து சேர்ந்த ஆக்ஸிஜனை ராலே கணக்கில் எடுக்கவில்லை. வான் ஹெல்மான்ட் என்பவர் 62 பவுண்டு ஓக் கரியை எரித்து 1 பவுண்டு சாம்பல் எடுத்து, மீதி 61 பவுண்டும் ஒரு வாயுவாகப் போனது என்று எழுதினார், அவரும் சேர்ந்ததைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் லவாசியே. 1772-இல் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து, எரிந்த பிறகு எடை கூடுகிறது என்று கண்டார். அதில் இருந்து எரிதல் என்றால் ஆக்ஸிஜனோடு சேர்தல் என்பது வரை கொண்டுபோனார். அண்ணாவுக்கு இவர் சொந்தக்காரர் மாதிரி. 1775-இல் இருந்து பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் இருந்தவர். எனக்கும் சொந்தம்தான், ஏனென்றால் அரசுக்காக வரி வசூலித்த கம்பெனியில் அவர் பங்குதாரர், புகையிலை ஏகபோகம் அந்தக் கம்பெனி கையில்தான் இருந்தது. புரட்சி வந்ததும் அந்தப் பங்குதாரர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். 1794 மே 8 அன்று லவாசியேயின் தலையும் போயிற்று. அவர்கள்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று, மக்களுக்கு விற்ற புகையிலையில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டினார்கள் என்பது.

அண்ணா தராசை அணைத்துவிட்டுக் கேட்டார்: "புகையிலையில ஈரம் இருந்ததுக்குத் தலையை வாங்கிட்டாங்களா? அப்படிப் பார்த்தா ஆடி மாசம் குன்னூர்ல ஒரு தலை மிஞ்சாதே மேக்கரே."